அவளுக்காகக் கொஞ்சம் சிந்திவிடுங்கள்

2016-ல் மார்த்தாண்டத்திலிருந்து எருசலேமுக்குக் கேர்கிவர் வேலைக்குப் போனேன். ஆறு வருடமும் ஒரே வீடு, ஒரே பாட்டி. எபிரேயத்தில் பாட்டியை சவ்தா என்பார்கள். வீட்டில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிட்டது 'பின்தி' என்று. அது அரபு, 'என் மகளே' என்று அர்த்தம். சவ்தா பாக்தாத்காரர். 1950, 51-ல் ஈராக் யூதர்களை விமானம் விமானமாக இஸ்ரேலுக்கு ஏற்றி வந்தார்களே, அதில் பத்து வயதுப் பிள்ளையாக வந்து இறங்கியவர். கூடார முகாமில் வளர்ந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் வேதம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

போன முதல் வாரமே சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டிலை என் பக்கம் தள்ளி "அம்பா" என்றார். திறந்தால் மாங்காய் ஊறுகாய்! மஞ்சளும் வெந்தயமும் மணக்கிறது. பம்பாயில் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்கள் வழியாக ஈராக் போய், அங்கிருந்து இஸ்ரேல் வந்து சேர்ந்த ஊறுகாய். அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகை வராமல் இருந்ததற்கு அந்தப் பாட்டில்தான் காரணம்.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. பழைய ஏற்பாட்டைச் சின்ன வயதிலிருந்தே வாசித்திருக்கிறேன். ஆனாலும் எனக்குள் ஒரு எண்ணம்: யூத மார்க்கம் என்றால் சட்டம், கண்டிப்பு, தீட்டு; இரக்கம் எல்லாம் பிறகு வந்த சங்கதி. ஞாயிறு பள்ளியில் யாரோ மண்டையில் ஏற்றியது. அதை இறக்கிவைக்க எனக்கு ஒரு அவமானம் தேவைப்பட்டது.

மஹானே யெஹூதா சந்தைக்குப் பக்கத்தில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். வார விடுமுறைக்கு அங்கே போய்ச் சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, தமிழில் சத்தம் போட்டுப் பேசிவிட்டு வருவோம். அதில் ஒருவர் மட்டக்களப்பு அக்கா. 2018 நவம்பரில் அவர் பார்த்துவந்த தாத்தா இறந்துபோனார். வேலை போனது. கேர்கிவர் விசாவில் குறிப்பிட்ட நாளுக்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் சிக்கல். அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல வந்தார், போனார். சாப்பாட்டை மட்டும் குறைத்துக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அக்கா பெயரைப் போட்டு விஷயத்தை எழுதி, ஆளுக்கு ஐம்பது, நூறு ஷெக்கேல் என்று சேர்த்தேன். கிறிஸ்துமஸ் கூடுகையில் கேக் வெட்டிய கையோடு அக்காவை முன்னால் கூப்பிட்டு, எல்லோரும் கைதட்ட, கவரை நீட்டினேன். போட்டோ எடுத்துக் குழுவிலும் போட்டேன். கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்கா அறைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போன் அடித்தால், "காசுக்கு நன்றி தங்கச்சி. என்ட படத்த ஏன் போட்டீங்க? ஊர்ல என்ட மகன் பாத்துட்டான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சவ்தாவுக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன என்று கேட்டார். சொன்னேன், கொஞ்சம் என் பக்கம் நியாயம் சேர்த்தே சொன்னேன். அவர் கையிலிருந்து பட்டையைக் கழற்றும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு யூத குருமார்களின் பழைய சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூதிலிருந்து ஒரு சின்னக் கதை சொன்னார். ரபி யன்னாய் என்று ஒரு குரு. ஒரு மனிதன் ஏழை ஒருவனுக்கு நாலு பேர் பார்க்க ஒரு காசு கொடுப்பதைப் பார்த்தார். "கொடுத்து அவனை வெட்கப்படுத்தியதற்கு நீ கொடுக்காமலே இருந்திருக்கலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நான் நல்ல மனசோடுதான் செய்தேன், சவ்தா" என்றேன்.

"உன் மனசைப் பற்றி யார் கேட்டது?" என்றார். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையிடம் சொல்வதுபோல.

அந்த ஒரு கேள்விதான் எனக்குத் திருப்பம். நம் ஊரில் இரக்கம் என்றால் மனசு. மனசு இரங்கினால் போதும், கை தானாக நல்லதைச் செய்யும் என்று நினைப்போம். சவ்தா வளர்ந்த வழியில் இரக்கத்துக்கு ரஹமீம் என்று ஒரு சொல் உண்டு. கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்ற சொல்லின் வேர்தான் அதற்கும். அது உள்ளே இருப்பது. வெளியே செய்கிற காரியத்துக்கு ஹெசெத் என்று பெயர். ஹெசெத்தை எப்படிச் செய்வது, எந்த நேரத்தில் செய்வது, எங்கே உட்கார்ந்து செய்வது என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது, அன்புக்கு எதற்கு ரூல்ஸ் என்று. அக்கா போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே இன்னொரு கதையும் சொன்னார். மார் உக்வா என்ற பெரியவர் பக்கத்தில் இருந்த ஏழை ஒருவனின் கதவுக் குழியில் தினமும் நாலு காசு போட்டுவிட்டுப் போவார். யார் போடுகிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் அவன் காத்திருந்தான். அன்றைக்கு மார் உக்வாவோடு அவர் மனைவியும் வந்திருந்தார். கதவு அசைந்ததும் இரண்டு பேரும் எடுத்தார்கள் ஓட்டம். அவன் துரத்த, ஒளிய இடமில்லாமல் அப்போதுதான் நெருப்பு வாரிய ஒரு அடுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். மார் உக்வாவின் கால் சுடுகிறது, மனைவிக்குச் சுடவில்லை. "உங்கள் காலை என் கால்மேல் வையுங்கள்" என்கிறார் மனைவி. மார் உக்வாவுக்கு முகம் வாடிப்போனது. மனைவி சமாதானம் சொல்கிறார்: நான் வீட்டிலேயே இருக்கிறேன், வருகிறவர்களுக்குச் சாப்பாடாகவே கொடுக்கிறேன், உடனே வயிறு நிறைகிறது, நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அவன் அதற்கப்புறம் கடைக்குப் போக வேண்டும்.

சவ்தாவுக்கு இந்த மனைவியை ரொம்பப் பிடிக்கும். "பெண்பிள்ளைக்குப் பெயர்கூடப் போடாமல் விட்டார்கள் பார்" என்று ஒவ்வொரு முறையும் திட்டுவார்.

சரி, அக்காவுக்கு என்ன செய்வது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராக இருந்த யூத அறிஞர் மைமோனிடிஸ், இவர்கள் ரம்பாம் என்பார்கள், தர்மத்துக்கு எட்டுப் படி சொல்லியிருக்கிறார். அடிப்படி முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது. கேட்கும் முன்பே கையில் கொடுப்பது மேலிருந்து ஐந்தாவது. "நீ அங்கே நின்றாய். போட்டோவுக்கு ரம்பாம் படி வைக்கவில்லை, அதனால் இறங்கிவிட்டாய்" என்றார் சவ்தா. உச்சிப்படி, ஒருவர் கை நீட்டவே தேவையில்லாதபடி கடனோ, தொழிலில் கூட்டோ, ஒரு வேலையோ கொடுப்பது.

"ஜனவரியில் உன் தம்பி கல்யாணத்துக்கு ஆறு வாரம் ஊருக்குப் போகிறாய். என்னை யார் பார்ப்பது? உன் அக்காவிடம் எனக்கு ஒரு உதவி கேள்" என்றார்.

உதவி செய் என்று இல்லை, உதவி கேள் என்று. அக்கா வந்தார். முறைப்படி பதிவு செய்து, முழுச் சம்பளத்தோடு. நான் திரும்பி வரும்போது அதே கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தாத்தா வீட்டில் அக்காவுக்கு நிரந்தர வேலையும் அமைந்திருந்தது. போட்டோவை நான் அழித்துவிட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆறு வாரத்தில் சவ்தாவுக்கு என் ரசத்தைவிட அக்காவின் சொதி பிடித்துப்போனதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

2019 ஜூனில் ஷாவுவோத் பண்டிகை. அன்றைக்கு ரூத்தின் புத்தகம் வாசிப்பார்கள். சவ்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. எபிரேயத்தில் அவருக்குப் பாதி மனப்பாடம், நான் தமிழில் வாசிக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டே அவருடையதைச் சொல்கிறார். நாங்கள் 'தயை' என்று வாசிக்கிற இடத்தில் அவருக்கு ஹெசெத். கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், மாமியார் நகோமியை விடாமல் அந்நிய ஊருக்கு வந்து, அறுப்பு வயலில் கதிர் பொறுக்குகிறாள். வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்தியதைத் திரும்பப் பொறுக்கக் கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்பது லேவியராகமத்துச் சட்டம். வயலின் சொந்தக்காரன் போவாஸ் அதற்கும் ஒரு படி மேலே போய் வேலைக்காரர்களிடம், அவளுக்காகக் கொஞ்சம் கதிரை வேண்டுமென்றே சிந்திவிடுங்கள், அதட்டாதீர்கள் என்கிறான்.

இந்த வரியை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போதுதான் உறைத்தது. அவன் கட்டுக் கட்டாக அவள் மடியில் தூக்கிப் போட்டிருக்கலாம், போடவில்லை. அவளே குனிந்து, அவளே பொறுக்கி, தன் உழைப்பு என்று மாமியாரிடம் கொண்டுபோக விட்டான். அந்நிய ஊரில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கதையை, அதே வேலையில் இருக்கிற நான் அதுவரை ரூத்துக்கும் போவாஸுக்கும் நடந்த கல்யாணக் கதையாகத்தான் வாசித்திருந்தேன்.

எல்லா யூத வீடும் இப்படி என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் அறையிலேயே ஒருத்திக்கு மூன்று மாதச் சம்பளம் இழுத்தடித்த வீடு உண்டு. கூலிக்காரனுக்கு அன்றன்று பொழுது சாய்வதற்குள் கூலி கொடு என்று அவர்கள் வேதத்தில்தான் இருக்கிறது. சவ்தா அதில் கறார். ஒரு மாதம் மகள் மறந்துபோய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. போன் போட்டு, அவ்வளவு பெரிய மகளை என் எதிரிலேயே வறுத்தெடுத்துவிட்டார். நாலு பேர் எதிரில் ஒருவரை வெட்கப்படுத்துவது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மகளுக்கு அது பொருந்தாது" என்றார். பொருந்தும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சந்தைக்கு வாக்கரோடு கூட்டிப்போகும்போதும் இதே பாடம்தான். வாங்கும் எண்ணம் இல்லாமல் கடைக்காரனிடம் விலை கேட்காதே என்பது மிஷ்னா என்ற பழைய யூதத் தொகுப்பில் இருக்கிற சட்டம். நான் சும்மா ஒரு பட்டுத்துணிக்கு விலை கேட்டதற்குப் பிடித்துக்கொண்டார். நாலு கடை விலை கேட்பவள்தான் எங்கள் ஊரில் சமர்த்து என்றேன். "வாங்குவதற்காக நாலு கடை கேள், நாற்பது கடை கேள். நீ பொழுதுபோகக் கேட்டாய், அவன் எழுந்து துணியைப் பிரித்தான்" என்றார். அவருக்கு மூட்டு வலி, ஒருவர் எழுந்து நிற்பதன் விலை தெரியும்.

2022 வசந்தத்தில் சவ்தா குளியலறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருவதை பிகூர் ஹோலிம் என்பார்கள், அதுவும் ஒரு கடமை. நான் நர்ஸிங் படித்தவள், பார்வையாளர்கள் என்றால் எனக்கு எரிச்சல். நம் ஊரில் பார்த்திருக்கிறீர்களே, நேராகக் கட்டிலில் உட்கார்ந்து, எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு, பிழைக்கவில்லை என்பார்கள். இங்கே கீழ்வீட்டு அம்மா வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நோயாளியின் தலைமாட்டில் கடவுளின் பிரசன்னம் இருக்கிறது, அதனால் உயரத்தில் உட்காரக் கூடாது என்று தல்மூது சொல்கிறதாம். எனக்கு அதில் வேறு ஒரு நன்மை தெரிந்தது. படுத்திருப்பவர் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. நர்ஸிங் படிப்பில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

காலையில் சீக்கிரமும் போகாதே, பொழுது சாய்கிற நேரமும் போகாதே என்றும் இருக்கிறது. காலையில் நோயாளி தெளிவாகத் தெரிவார், இவருக்கு ஒன்றுமில்லை என்று வேண்டுதலை விட்டுவிடுவாய். சாயங்காலம் சோர்ந்து கிடப்பார், இனி ஆகாது என்று கைவிட்டுவிடுவாய் என்று காரணம். காய்ச்சல் அட்டவணை எழுதிய எவருக்கும் இது புரியும்.

பார்க்க வருகிற ஒவ்வொருவரும் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு சொல். அப்படியென்றால் அறுபது பேரை வரிசையில் நிறுத்தினால் குணமாகிவிடுமே என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியை தல்மூதிலேயே கேட்டுவிட்டார்களாம். ஒவ்வொருவரும் எடுப்பது மிச்சத்தில் அறுபதில் ஒன்று. பேரன் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தான். அறுபதாவது ஆள் போன பிறகும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நோய் மிச்சம் இருக்கும். "அது எனக்கே எனக்கு" என்றார் சவ்தா.

ரபி அகிவாவின் மாணவன் ஒருவன் சீக்காய்க் கிடந்தபோது யாரும் போய்ப் பார்க்கவில்லை. அகிவா போனார். அவர் வந்ததால் அந்த இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள், அவன் பிழைத்தான். மந்திரமோ ஜெபமோ அங்கே பேச்சில் இல்லை, பெருக்கித் தண்ணீர் தெளித்ததுதான். இந்தக் கதை கேட்ட நாளிலிருந்து நான் ஒருவரைப் பார்க்கப் போனால் முதலில் குப்பைக்கூடையைத்தான் பார்ப்பேன். ஆப்பிள் வாங்கிப் போவதை நிறுத்திவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்பதும் இல்லை, கேட்டால் எல்லோரும் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். தண்ணீர்க் குடத்தைக் கழுவி நிரப்புவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது வீல்சேர் வேண்டும். ஹெர்ஸல் மலைப் பக்கம் யாத் சாரா என்று ஒரு இடம் இருக்கிறது. ஊரி லூபோலியான்ஸ்கி என்பவர் 1976-ல் ஆரம்பித்தது. பிள்ளைக்கு ஆவி பிடிக்கிற கருவி ஒன்றை அண்டை அயலில் இரவல் கொடுத்ததில் தொடங்கி, இன்று வீல்சேர், ஊன்றுகோல், ஆக்ஸிஜன் என்று நாடு முழுக்க இரவல் கொடுக்கிறார்கள். அவர் பிறகு எருசலேமின் மேயராகவும் இருந்தார். சாரா அவருடைய பாட்டி பெயர், நாஜிகளின் கையில் செத்தவர். டெபாசிட் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். எனக்குப் பிடித்தது, வரிசையில் பணக்காரரும் நிற்கிறார், என்னைப் போன்றவளும் நிற்கிறாள். யார் ஏழை என்று அந்த வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தர்மம் ஏழைக்கு மட்டும், ஹெசெத் ஏழைக்கும் பணக்காரனுக்கும். தர்மம் உயிரோடிருப்பவனுக்கு, ஹெசெத் செத்தவனுக்கும் என்று ஒரு பழைய வித்தியாசம் சொல்வார்கள்.

அந்தக் கோடையில் சவ்தா போய்விட்டார். எருசலேமில் பெட்டியில் வைப்பதில்லை. குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அன்றைக்கே அடக்கம். அந்தத் துணிக்குப் பை கிடையாது. குளிப்பாட்டும் பெண்கள் கடைசியில் இறந்தவரிடமே மன்னிப்புக் கேட்பார்கள், கை தவறி மரியாதைக் குறைவாக ஏதாவது நடந்திருந்தால் என்று. ஆறு வருடம் அந்த உடம்பைக் குளிப்பாட்டியவள் நான். அதைக் கேட்டபோது எனக்கும் கேட்க வேண்டும்போல இருந்தது, வெளியே நின்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

ஏழு நாள் ஷிவா, அதாவது வீட்டில் உட்கார்ந்து துக்கம் காப்பது. துக்கக்காரர்கள் உட்காரும் குட்டை நாற்காலிகள் தெருமுனையில் உள்ள கெமாஹிலிருந்து வந்தன. கெமாஹ் என்றால் இலவச இரவல் நிலையம். கல்யாண உடைக்கு ஒன்று, மடக்கு நாற்காலிக்கு ஒன்று, வட்டியில்லாக் கடனுக்கு ஒன்று என்று வீட்டுக்கு வீடு வைத்திருப்பார்கள். முதல் சாப்பாடு துக்க வீட்டுக்காரர்களுடையதாக இருக்கக் கூடாது. கீழ்வீட்டிலிருந்து அவித்த முட்டையும் பருப்பும் வந்தது. முன்காலத்தில் பணக்காரர் துக்க வீட்டுக்கு வெள்ளிக் கூடையிலும் ஏழைகள் பிரம்புக் கூடையிலும் சாப்பாடு கொண்டுபோவார்களாம். ஏழைகள் கூசினார்கள். எல்லோரும் பிரம்புக் கூடையிலேயே கொண்டுவாருங்கள் என்று சட்டம் போட்டார்கள். ஏழைக்கு வெள்ளிக்கூடை வாங்கிக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள், பணக்காரனைப் பிரம்புக்கு இறக்கினார்கள். சவ்தா உயிரோடிருந்தால் இதைச் சொல்லிக் கைதட்டியிருப்பார்.

வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேச மாட்டார்கள். துக்கத்தில் இருப்பவர் வாய் திறந்தால்தான் இவர்கள் திறக்கலாம். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் வாயடைத்து உட்கார்ந்திருந்ததிலிருந்து எடுத்தது. எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டாங்க என்ற விசாரணைக்குப் பழகிய எனக்கு முதல் நாள் மூச்சு முட்டியது. எழுந்து டீ போடப் போனேன். மகள் கையைப் பிடித்து, சமையலறைக்குப் போக விடாமல், தன் பக்கத்தில் இருந்த குட்டை நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். ஏழு நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், என் அருகே தரையில் உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் வீல்சேரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டெபாசிட்டை நன்கொடையாக வைத்துக்கொள்ளச் சொல்லி மகள் எழுதிக் கொடுத்திருந்தாள். கவுண்டரில் இருந்த தன்னார்வலருக்கு எழுபது வயது இருக்கும். வீல்சேரைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டார். "இடது பக்கம் இரண்டு தடவை அழுத்தினால்தான் பிடிக்கும்" என்றேன். சரி என்று ஒரு சீட்டில் எழுதி, கைப்பிடியில் கட்டினார்.